வீடு கட்டப் போனவர்களைப் படமெடுப்பது

கேள்வி இது: "களுவாஞ்சிகுடிப் பக்கம் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, எங்கள் ஊர்களிலிருந்து மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போனவர்களைப் பற்றி 20 நிமிடச் சுயாதீனப் படம் ஒன்று செய்ய நினைக்கிறோம். நல்ல போன் ஒன்று இருக்கிறது, இரவல் கமரா ஒன்று கிடைக்கும். கதைப்படமா, ஆவணப்படமா? எங்கே தொடங்குவது, எதில் பிழை விடுவோம், முடிந்தபிறகு எங்கே காட்டுவது?"

ஆவணப்படமாகச் செய்யுங்கள். கதைப்படம் என்றால் கட்டுநாயக்க விமான நிலையம் வேண்டும், றியாத்திலோ குவைத்திலோ ஒரு வீட்டின் உட்புறம் வேண்டும், அரபு பேசுகிற நடிகர்கள் வேண்டும். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மாடி வீட்டை வைத்து ஒப்பேற்றினால் பார்க்கிற முதல் ஆளே கண்டுபிடித்துவிடுவார். அவருடைய அக்காவோ மனைவியோ அந்த வீட்டுக் குசினியை இமோவில் எத்தனையோ தடவை காட்டியிருப்பார். ஆவணப்படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. போன இடத்தை விட்டுவிட்டு, அவர் இல்லாத இடத்தைக் காட்டலாம். அது உங்கள் ஒழுங்கைக்குள்தான் இருக்கிறது.

யாரை எடுப்பது என்று தேடுவதற்கு முன், எந்த வீட்டை எடுப்பது என்று தேடுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியில் குடி (பரம்பரைக் குழு) பார்க்கிறவர்கள். பிள்ளை எந்தக் குடி என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்வார்கள். கலியாணத்தோடு வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து சேர்வார். மூத்த மகளுக்குத் தாங்கள் இருந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் பக்கத்தில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு ஒதுங்குவதும், இளையவளுக்கு அதே வளவில் இன்னொரு வீடு எழும்புவதும் இங்கே சாதாரணம். மகள் இரண்டு என்றால் வீடு இரண்டு. ஒரு தாய் எதற்காக நாலு வயதுப் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறுகிறாள் என்பதற்கு இந்தக் கணக்குத் தெரியாமல் பதில் கிடைக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஆணின் கதையை அச்சாக வைத்துக்கொண்டு இங்கே படமெடுத்தால் படம் வழுக்கும். இங்கே போகிறவள்தான் வீட்டின் சொந்தக்காரி.

ஆகவே முகாம் வைக்க வேண்டிய இடம், பாதி கட்டின ஒரு வீடு. அத்திவாரம், புளொக் சுவர், லிண்டல், கூரை, பூச்சு, நிலம் என்று கட்டங்கள் இருக்கின்றன. பணிப்பெண் ஒப்பந்தம் பெரும்பாலும் 2 ஆண்டு. ஒவ்வொரு முறை போய் வந்தபோதும் எந்தக் கட்டம் முடிந்தது என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் உங்கள் படத்தின் காலக்கோடு. கதைசொல்லியின் குரலும் ஆண்டு காட்டும் எழுத்துப் பலகையும் தேவைப்படாது. காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது என்றும் கேளுங்கள். ஒரு மூலையில் மரக்கட்டை ஒன்றை அடித்து, முக்காலியின் உயரத்தை டேப்பால் அளந்து எழுதி வைத்து, ஒவ்வொரு மாதமும் அதே இடத்திலிருந்து அதே உயரத்தில் அந்த வீட்டை 1 நிமிடம் எடுங்கள். 6 மாதத்தில் கிடைக்கும் 6 நிமிடம், வேறு எவரிடமும் இல்லாத பொருள்.

இந்த மண்ணில் இடப்பெயர்வு ஒன்றல்ல. 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டம், 1990 யுத்தத்தின் ஓட்டம், 2004 டிசெம்பர் 26இன் கடல், 2006–2007இல் வாகரையிலும் களப்புக்கு மேற்கே படுவான்கரையிலும் இருந்து நடந்து வந்த சனம், 2012இல் அவுஸ்திரேலியா என்று படகேறினவர்கள். மட்டக்களப்பு டச்பார்ப் பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இருக்கிறது. அக்கரைப்பற்றுக்கு அருகே அளிக்கம்பையில் தெலுங்கு பேசும் குறவர் சமூகம் இருக்கிறது. அதே அக்கரைப்பற்றுப் பக்கத்து நுரைச்சோலையில் சுனாமிக்குப் பிறகு சவூதி நிதியில் கட்டிய 500 வீடுகள், யாருக்கு எவ்வளவு என்ற வழக்கினால் பல ஆண்டுகள் ஆளில்லாமல் காடுபற்றிக் கிடந்தன. ஒவ்வொன்றும் தனிப்படம். 20 நிமிடத்துக்குள் இரண்டை வைத்தாலே படம் செய்தித் தொகுப்பாகிவிடும். ஒன்றை எடுங்கள். மற்றவை வீட்டுப் பொருட்களில் தாமாகத் தெரியும்: சுனாமி வீட்டுத்திட்டத்தின் இலக்கத் தகடு, இடம்பெயர்ந்தபோது கொடுத்த தறப்பாள் இப்போது ஆட்டுக்கொட்டிலில், இரண்டு தரம் ஓடினபோதும் கைவிடாத சாமிப்படம். அவற்றைக் குளோசப்பில் எடுங்கள், விளக்கம் கேட்காதீர்கள்.

இறந்தகாலத்தைக் காட்டும்போது ஆண்டுப் பிழை வராமல் பாருங்கள். 1990ஐப் பற்றிப் பேசும் குரலுக்குக் கீழே கல்லடியின் புதுப் பாலத்தை ஓடவிட்டால் ஊர்க்காரருக்குப் படம் அந்த இடத்திலேயே உடைந்துவிடும். புதுப் பாலம் திறந்தது 2013இல், பக்கத்தில் நிற்கும் பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டினது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை அந்த இடத்தால் படுவான்கரைக்குப் போனவர்கள் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் போனார்கள். கல்லோயாவின் ஆரம்ப ஆண்டுகளைச் சொல்லும்போது அம்பாறை மாவட்டம் என்று எழுத்துப் போடாதீர்கள். 1961 வரைக்கும் அது மட்டக்களப்பு மாவட்டம்.

இனி மிகக் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி. இந்த வகைப் படத்தில் கமராவால் வரும் கேடு, கமராப் பிழையைவிடப் பெரியது.

2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறை வந்தது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள பெண் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்றார்கள். 2022இல் அதை 2 வயதாகக் குறைத்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் பிள்ளையை மறைத்தும், வயதை மாற்றியும், விசிற் விசாவிலும் போனவர்கள் இருக்கிறார்கள். உங்கள் படத்தில் "நான் போகேக்க மகனுக்கு ரெண்டு வயசு" என்று ஒரு தாய் சொல்கிறாள், பின்னால் அவளுடைய கடவுச்சீட்டுத் திகதி தெரிகிறது என்றால், நீங்கள் அவளுக்கு எதிராக ஒரு சாட்சியைச் செய்து வைத்திருக்கிறீர்கள். படகில் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் கீழ் வழக்கு இன்னும் நடக்கலாம். வெளிநாட்டில் அகதி விண்ணப்பம் முடியாமல் இருப்பவரின் உறவினர் முகம் திரையில் வந்தால் அது இரண்டு பக்கமும் பாதிக்கும். படப்பிடிப்புக்கு முன்னரே மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: போனது பதிவில்லாமலா, வழக்கோ முறைப்பாடோ நிலுவையில் இருக்கிறதா, வீட்டிலிருந்து வேறு யாரும் இப்போது வெளியில் இருக்கிறார்களா. ஒன்றுக்கேனும் ஆம் என்றால் முகமும் பெயரும் ஊரும் வேண்டாம். முகத்தைப் பின்னர் மங்கலாக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். மங்கலாக்காத மூலக்கோப்பு உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும், அது ஒருநாள் கைமாறும். எடுக்கும்போதே கை, முதுகு, நிழல், முற்றம் என்று எடுங்கள். மங்கலாக்கின முகம் பார்ப்பவருக்குக் குற்றவாளி முகமாகவும் படுகிறது. அந்தப் பெண்களுக்கு அது வேண்டாம்.

முதல் இரண்டு சந்திப்புக்குக் கமரா கொண்டுபோகாதீர்கள். குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். பெண்கள் இல்லாத குழுவுக்குச் சொல்லப்படும் கதை வேறு, கூட ஒரு பெண் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது வரும் கதை வேறு. சம்மதக் கடிதத்தை வீட்டுத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: எதற்கு எடுக்கிறோம், எங்கெங்கே காட்டுவோம், இணையத்தில் போகுமா, வேண்டாம் என்றால் எப்போதுவரைக்கும் சொல்லலாம். கடைசித் தொகுப்பைப் பார்த்தபிறகும் ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். கடிதத்தை வாசித்துக் காட்டுவதையும் அவர் சரி சொல்வதையும் படமாகவும் பதியுங்கள். கணவனின் சம்மதமோ அண்ணனின் சம்மதமோ அவளுடைய சம்மதமாகாது. பேட்டிக்குக் காசு கொடுப்பது பேச்சைக் கெடுக்கும். ஆனால் உங்களுக்காக ஒரு நாள் வேலையை விட்டவருக்கு அந்த நாள் கூலியைக் கொடுக்காமல் வருவது அநியாயம். அதை முதலே சொல்லி, எல்லோருக்கும் ஒரே தொகையாகக் கொடுங்கள்.

இப்போது அங்கே வேலையில் இருக்கிறவரைச் சேர்க்க விரும்பினால், எசமான் வீட்டுக்குள் படமெடுத்து அனுப்பு என்று ஒருபோதும் கேட்காதீர்கள். வளைகுடா நாடுகளில் பிறர் வீட்டை அனுமதியில்லாமல் படமெடுப்பது குற்றம். அவளுடைய வதிவிட அனுமதியே அந்த எசமானின் கையில் இருக்கிறது. குரல் போதும். குரற்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். அதை போனின் ஸ்பீக்கரில் ஓடவிட்டு மைக்கால் பிடிக்காமல், கோப்பாகவே எடுத்துக் கணினிக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப் குரல் சுருங்கித்தான் வரும். அந்தச் சுருங்கின ஒலியே தூரத்தைச் சொல்லும் என்பதால் அதைத் துப்புரவாக்க மினக்கெட வேண்டாம். படம் அனுப்புவதானால் டொகியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்.

1980களிலும் 90களிலும் போனவர்களின் வீடுகளில் கேசட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் பேசிப் பதிந்து அனுப்பினார்கள். களப்பு ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கும். வெள்ளைப் பொடி தெரிந்தால் உடனே ஓட்டாதீர்கள். ஒட்டின நாடா அறுந்துவிடும். காற்றோட்டமான நிழலில் சில நாள் உலரவிட்டு, கையால் ஒருமுறை முன்னும் பின்னும் மெல்லச் சுற்றி, நல்ல டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ரெக்கோடருக்கு வயர் கொடுத்து, முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்யுங்கள். இரண்டாவது ஓட்டம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அல்பத்தில் ஒட்டின பழைய படங்களை உரிக்காதீர்கள். பக்கத்தோடு ஸ்கான் செய்யுங்கள், 600 டிபிஐ போதும்.

ஒலி. புதிதாக எடுக்கிறவர்களின் படங்கள் பெரும்பாலும் விழுவது படத்தால் அல்ல, ஒலியால். காசு கொஞ்சம்தான் இருந்தால் லென்ஸை மறந்துவிட்டு மைக் வாங்குங்கள். சட்டையில் குத்தும் வயர் மைக் ஒன்று, சின்ன ரெக்கோடர் ஒன்று, பஞ்சு உறையோடு மயிர் உறையும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும்போது வெறும் பஞ்சு உறை நிற்காது. மைக்குக்குள் துணி கிழிப்பது போலக் கேட்கும், அதைப் பின்னர் எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. மைக்கைச் சேலைத் தலைப்பில் குத்தினால் உரசும். சட்டைக் கழுத்தடியில், ஒரு சாண் கீழே, வயரை ஒரு வளையம் போட்டு ஒட்டுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். பேச்சு மைனஸ் 12 டெசிபெலைச் சுற்றி நிற்கட்டும். அழும்போதும் சிரிக்கும்போதும் குரல் திடீரென்று எழும்பும், அதற்கு இடம் விட வேண்டும். தொடக்கத்தில் ஒரு கைதட்டு, பின்னர் படத்தோடு ஒலியைச் சேர்க்க.

வீட்டுக்குள் நுழைந்ததும் பேசாமல் ஒரு நிமிடம் காது கொடுங்கள். மின்விசிறி, குளிர்சாதனப்பெட்டி, தண்ணி மோட்டர், அடுத்த வீட்டு ரீவி. விசிறியை நிற்பாட்டினால் 10 நிமிடத்தில் பேசுகிறவருக்கு வியர்க்கும், அதனால் 10 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் விசிறி என்று முறை வையுங்கள். குளிர்சாதனப்பெட்டியை நிறுத்தினால் உங்கள் மோட்டார்சைக்கிள் திறப்பை அதற்குள் போட்டு வையுங்கள். திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். பாண் ஓட்டோ பாட்டோடு வரும் நேரம், பாங்கு நேரம், கோயில் மைக் நேரம் மூன்றையும் கேட்டு எழுதி வைத்து, பேட்டியை இடையில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மழை வந்தால் நிறுத்துவதைத் தவிர வழியில்லை. ஒவ்வொரு இடத்திலும் யாரும் அசையாமல் 1 நிமிட வெறும் ஒலி பதிய வேண்டும்; தொகுக்கும்போது வெட்டின இடங்களை மூட அது இல்லாமல் முடியாது. பாண் ஓட்டோப் பாட்டையும் பாங்கையும் களப்பில் வலை வீசும் சத்தத்தையும் தனியாகப் பதியுங்கள். புலம்பெயர்ந்தவருக்கு ஊர் என்பது பாதி ஒலிதான்.

படம்: விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 30 பிரேமும் 1/60உம் வைத்தால் டியூப் வெளிச்சம் நெளியும். போனில் இவை தாமாக மாறாமல் இருக்க, பிளாக்மேஜிக் கமரா போன்ற இலவசச் செயலியில் ஷட்டர், வெள்ளைச் சமநிலை, குவியம் மூன்றையும் பூட்டுங்கள். எச்டிஆர் வேண்டாம். விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல வசனத்தின் நடுவே யாராவது அழைப்பார்கள். வெயிலில் போன் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க முடியாது. 1/50இல் நிற்க வேண்டுமானால் இருள் கண்ணாடி வடிகட்டி வேண்டும். கடற்கரையில் உப்பு படலமாகப் படியும், படம் பால்போல் வெளிறும். ஒவ்வொரு ஷொட்டுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். கமராவை இரவில் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டிக்குள் வையுங்கள், லென்ஸில் பூஞ்சை விழுந்தால் எடுக்கக் கடினம்.

வெளிச்சத்தை ஊரின் பெயரிடம் கேட்டுப் படிக்கலாம். எழுவான்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்பி களப்புக்கு அப்பால் விழுகிறது. படுவான்கரையில் நிற்கிறவருக்கு விடியல் களப்புத் தண்ணீருக்கு மேலே, நகரத்தின் பக்கமிருந்து வரும். கடற்கரையில் காலையில் கரையைப் பார்த்து எடுத்தால் முகம் வெளிச்சத்தில் இருக்கும். கடலைப் பார்த்து எடுத்தால் முகம் கறுத்துவிடும். ஏப்ரல் முற்பாதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும், 10 மணிக்குப் பிறகு கண்குழி இருண்டு முகம் நோயாளி போலத் தெரியும். அந்த மாதங்களில் வெளிக்காட்சியைக் காலை 9 மணிக்குள்ளும் பின்னேரம் நாலுக்குப் பிறகும் வையுங்கள். நடுப்பகலில் விறாந்தைக்குள், ஆள் வாசலைப் பார்த்தபடி இருக்க, வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை மறுபக்கத்தில் தொங்கவிட்டால் போதும். விளக்குகள் வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்கு நாள் ஒதுக்குங்கள். வெள்ளம் வந்தால் வேலைத்திட்டமே மாறும்.

கோப்புக் கணக்கை முதலே போடுங்கள். 4கே, விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 750 எம்பி, மணிக்கு 45 ஜிபி. 20 நிமிடப் படத்துக்கு 25 மடங்கு எடுத்தால் 500 நிமிடம், ஏறத்தாழ 375 ஜிபி. 1 ரிபி டிஸ்க் இரண்டு வாங்கி ஒவ்வொரு இரவும் இரண்டிலும் ஏற்றி, இரண்டையும் இரண்டு வீட்டில் வையுங்கள். ஒரே பைக்குள் வைத்த இரண்டு பிரதி ஒரு பிரதிதான்.

பேட்டியில் பதிலை முழு வசனமாகச் சொல்லக் கேளுங்கள். உங்கள் கேள்வி வெட்டப்படும். "எப்ப போனீங்க" என்றால் "95ல" என்று மட்டும் வரும். "முதல் தரம் போன கதையச் சொல்லுங்க" என்றால் கதை வரும். "கஷ்டமா இருந்ததா" என்று கேட்காதீர்கள். அங்கே விடியற்காலை எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், எத்தனை அறை, என்ன சமைத்தீர்கள், எங்கே படுத்தீர்கள் என்று வேலையைக் கேளுங்கள். வேலையைச் சொல்லும்போது கை தானாக அசையும், அந்தக் கைதான் உங்கள் படம். அழுதால் கமராவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். அகல ஷொட்டிலேயே விட்டுவிட்டுக் காத்திருங்கள். மகளைக் கட்டாயம் தனியாக எடுங்கள். வீட்டைப் பெற்றுக்கொண்டவள் அவள்தான், தாய் இல்லாமல் வளர்ந்தவளும் அவள்தான். இரண்டையும் ஒரே வாயால் அவள் சொல்கிற இடத்தில் படம் நிற்கும்.

பேச்சைத் திருத்தாதீர்கள். "மறுகா", "என்னகா", "மனே" எல்லாம் அப்படியே வரட்டும். நெஞ்சில் கமராவின் பயம் இறங்கும்வரை சனம் ரீவித் தமிழ் பேசும். முதல் அரைமணி நேரத்தைப் பெரும்பாலும் பாவிக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருதமுனை, சாய்ந்தமருது, காத்தான்குடிப் பேச்சு இன்னொரு இசை: உம்மா, வாப்பா, ராத்தா, காக்கா. பின்னாளில் கதைப்படம் எடுத்தால் இந்தப் பாத்திரங்களுக்கு அந்த ஊர் ஆட்களையே எடுங்கள். நடிப்புப் பழகாதவர்களால் முடியுமா என்று தயங்க வேண்டாம். 2015இல் கான் விழாவில் தங்கப் பனை பெற்ற 'தீபன்' படத்தின் முதன்மைப் பாத்திரத்தைச் செய்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. மேடை தெரிந்தவர்கள் வேண்டுமானால் கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் நாடக மாணவர்கள் இருக்கிறார்கள். கூத்துக் குரல் கமராவுக்குப் பெரிது, குறைக்கப் பழக்க வேண்டும்.

தொகுப்புக்கு டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்புப் போதும். போன் கோப்பு கணினியைத் திணறடித்தால் புரொக்சி (சின்ன அளவுப் பிரதி) செய்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் எல்லாப் பேச்சையும் கையால் எழுதுங்கள்; 1 மணிநேரப் பேச்சுக்கு 5, 6 மணிநேரம் போகும். தானியங்கி எழுத்துக்கு மட்டக்களப்புப் பேச்சு பிடிபடாது. அந்த எழுத்தை வெட்டி நிலத்தில் பரப்பி, வீட்டின் கட்டங்களுக்குக் கீழே அடுக்குங்கள். பின்னணி இசையைக் கடைசிவரை போடாதீர்கள். வீணையோ புல்லாங்குழலோ வந்தால்தான் ஒரு காட்சி நிற்கிறது என்றால் அந்தக் காட்சியை எடுத்துவிடலாம்.

தமிழ் எழுத்துப் போடும்போது சில மென்பொருள்களில் கொம்பு பிரிந்து, 'கொ' மூன்று துண்டாக வரும். பிரீமியர் என்றால் எழுத்து அமைப்பில் தெற்காசிய எழுத்து முறையைத் தெரிவு செய்யுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் நோட்டோ சான்ஸ் தமிழில் எழுதிப் படமாகச் சேமித்து ஒட்டுங்கள். துணைத்தலைப்புக் கோப்பு யூரிஎப்-8இல் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். சிங்களத் துணைத்தலைப்பும் செய்யுங்கள். மத்திய கிழக்குக்குப் போன தாய்மார் சிங்கள ஊர்களிலும் ஏராளம், இந்தப் படத்தை உடனே புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அவர்கள்.

அனுமதி விடயத்தில் சுருக்கமாக: கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் படப்பிடிப்புத் திகதியோடு ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்கிப் பையில் வையுங்கள். பாடசாலைக்குள் வலயக் கல்வி அலுவலக அனுமதியில்லாமல் போகாதீர்கள். படைமுகாம் உள்ள கரையில் கமரா தூக்காதீர்கள். டிரோனுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேண்டும், மட்டக்களப்பு விமான நிலையம் நகரத்துக்கு ஒட்டியே இருக்கிறது. என் கருத்தில் இந்தப் படத்துக்கு டிரோன் தேவையேயில்லை. மேலிருந்து பார்த்தால் எல்லா வீடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பொதுமக்களுக்குத் திரையிடக் கொழும்பிலுள்ள தணிக்கைச் சபையின் சான்றிதழ் தேவை. 1912இலிருந்து இருக்கும் சட்டம் அது. வசனப் பிரதியையும் சேர்த்து நேரத்தோடு அனுப்புங்கள்.

படம் முடிந்ததும் யூரியூப்பில் போட்டுவிடாதீர்கள். இணையத்தில் வெளிவந்த படத்தைப் பல விழாக்கள் எடுக்காது. முதலில் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா, காத்மண்டுவின் ஃபிலிம் சவுத் ஏசியா, கேரளத்தின் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா போன்றவற்றுக்கு அனுப்புங்கள். பெரும்பாலான விழாக்கள் பிலிம்பிறீவே தளத்தின் வழியே படம் வாங்குகின்றன; கட்டணம் கேட்கும் விழா எல்லாவற்றுக்கும் கட்டினால் படத்துக்குச் செலவழித்ததைவிடக் கூடப் போகும். 4, 5 விழாவைத் தெரிந்து அனுப்புங்கள், கட்டண விலக்குக் கேட்டு எழுதவும் தயங்காதீர்கள்.

ஊரில் காட்டுவதற்கு 3000 லூமன் புரொஜெக்டரும் 10 அடி வெள்ளைத் துணியும் போதும், துணிக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டினால் படம் நன்றாக நிற்கும். எச்டிஎம்ஐ வயர் 10 மீற்றருக்கு மேல் போனால் படம் விட்டுவிட்டு வரும். மடிக்கணினியைப் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் வைத்து ஒலி வயரை மட்டும் நீளமாக இழுங்கள். மைக் செட்காரரிடம் பேஸைக் குறைக்கச் சொல்லுங்கள், கலியாண வீட்டு அமைப்பில் பேச்சு விளங்காது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். இஷாத் தொழுகை முடியும் நேரம், வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, பரீட்சைக் காலம் மூன்றையும் தவிருங்கள்.

ஆனால் ஊருக்குக் காட்டுவதற்கு முன், அந்த வீட்டுக்குள் அவர்களுக்கு மட்டும் காட்ட வேண்டும். வெளிநாடு போய் வந்த பெண்ணைப் பற்றி ஊர் ஏற்கெனவே கதைத்துக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் சாதாரணமாக நினைத்த ஒரு வசனம் அவளுக்கு வேலியடியில் நஞ்சாகத் திரும்பி வரலாம். எந்த வசனம் அப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். எடுக்கச் சொன்னால் எடுங்கள், எவ்வளவு நல்ல ஷொட்டாக இருந்தாலும்.

அந்த வீட்டுக்கு ஒரு பென்டிரைவும் கொடுங்கள். பழைய ரீவிகள் எச்.264 எம்பி4ஐத்தான் எடுக்கும். பென்டிரைவ் ஃபாற்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் ஏறாது. 1080பீயில், விநாடிக்கு 20 மெகாபிட்டில் வெளியிட்டால் 20 நிமிடப் படம் ஏறத்தாழ 3 ஜிபியில் நிற்கும். அதே பென்டிரைவில் படத்தில் சேராத அம்மம்மாவின் பேச்சையும், அந்தப் பழைய கேசட்டின் முழு ஒலியையும் பெயரெழுதித் தனிக் கோப்பாகப் போட்டு, வீட்டு ரீவியில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு எழும்புங்கள்.